பச்சை பம்பர்

அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியில், துணி அறைக்குள் ஒரு இரும்பு அலமாரி நிற்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலின் முதுகிலும் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்திருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. உள்ளே திரவம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில் கோடு. யார் எடுத்து ஊற்றினாலும், ஊற்றியவரே புதுக் கோடு போட்டு, எந்த அறைக்கு என்று எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு மாடி இரண்டுபடும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் அந்த மாடியின் மேற்பார்வையாளர். பெயர் சொல்லி அவளை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. கோட்டக்கா என்றால் சமையலறைக்கும் தெரியும், வாசல் காவலாளிக்கும் தெரியும்.

கோட்டக்காவுக்கு வாசனை தெரியாது. சளி பிடித்தால் நாலு நாள் தெரியாமல் போகுமே, அந்த மாதிரி இல்லை. எட்டு வருடமாகச் சுத்தமாகத் தெரியாது. பால் கெட்டுவிட்டதை நாக்கில் வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், எரிவாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறாள். வேலைக்குக் கிளம்பும் முன்பு சீருடையின் தோளைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். அவர் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் படியிறங்குவாள்.

"பஸ்ல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு ஓடுற சீட்டு இருக்கு பாரு, அது எனக்குத்தான். இத்தனை வருஷத்துல நான் பாத்த ஒரே லாபம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தால் தொலைந்தார்கள்.

மூக்கு போன கதை ஓட்டலில் எல்லாருக்கும் தெரியும். தப்பாகத் தெரியும். அதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

எட்டு வருடத்துக்கு முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையின் குளியல் தொட்டியில் மஞ்சள் கறை. யாரோ பெரிய விருந்தாளி வரப்போகிறார் என்று மேனேஜர் பரபரத்துக்கொண்டிருந்தார். அவள் ப்ளீச் ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டாள், போகவில்லை. வாசலில் வந்து நின்ற மேனேஜர், "கூடவே அந்த டாய்லெட் ஆசிட்டையும் ஊத்து, பளிச்சுனு ஆயிடும்" என்றார். "சேக்கக்கூடாதுன்னு லேபிள்ல போட்டிருக்கு சார்" என்றாள் அவள். "லேபிள் படிக்கிறவங்க ஆபீஸ் வேலைக்குப் போகணும். அரை பாட்டில் ஊத்தும்மா, நேரமாகுது" என்று சொல்லிவிட்டு அவர் லிப்டுக்குள் போய்விட்டார். அவள் ஊற்றினாள். தொட்டியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நினைவிருப்பது தரை ஓடுகளின் இடுக்கு மட்டும்தான். அதில் முகம் உரச உரசத் தவழ்ந்து கதவுக்கு வந்திருக்கிறாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இருமல் மூன்று மாதத்தில் போயிற்று. போன மூக்கு திரும்பவில்லை.

அவள் படுக்கையில் கிடந்தபோது விபத்துப் பதிவேட்டில் மேனேஜர் தன் கையால் எழுதி வைத்தார்: ஊழியர் தன்னிச்சையாக இரு திரவங்களைக் கலந்தார். காரணம்: கவனக்குறைவு.

கவனக்குறைவு. நாற்காலியைக் கூடக் கோணலாக விட்டு வைக்காதவளுக்கு!

அவள் கேட்டாள். முதலில் கெஞ்சிக் கேட்டாள், அப்புறம் எழுதிக் கேட்டாள், அப்புறம் கத்திக் கேட்டாள். "சாட்சி இருக்காம்மா?" என்றார் மேனேஜர். அன்றைக்கு அதே வராந்தாவில் அழுக்குத் துணி வண்டியோடு நின்றிருந்தவர் சலவைப் பிரிவின் தலைவர். அவள் அண்ணே என்று கூப்பிடுகிறவர். "மெஷின் சத்தத்துல எனக்கு என்ன கேக்குது தங்கச்சி" என்று முடித்துக்கொண்டார் அவர். வராந்தாவில் ஏது மெஷின்? அதையும் கேட்டாள். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நழுவிவிட்டார்.

சரி, ஏட்டில்தானே கிடக்கிறது என்று விட்டுவிடலாம் என்றால், அதற்கும் மேனேஜர் விடவில்லை. புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் துணி அறையில் பயிற்சி வகுப்பு எடுப்பார். பதிவேட்டைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, "கவனக்குறைவுன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணுமா? இதோ நம்ம அக்காவே உயிரோட நிக்கிறாங்க, பாத்துக்குங்க" என்பார். புதுசுகள் எல்லாம் திரும்பி அவள் மூக்கைப் பார்க்கும். வருடத்துக்கு நாலு தடவை. எட்டு வருடம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வகுப்பு முடிந்ததும் அலமாரியைத் திறந்து, கோடு போடாத பாட்டில் ஏதாவது சிக்குகிறதா என்று தேடுவாள். சிக்கியவன் கதி அதோகதி.

அந்த ஒரு வார்த்தையை அந்த ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்படிப்பட்டவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஒரு கார் பெட்டி வந்து உட்கார்ந்தது.

கார் என்றால் பிளாஸ்டிக் கார். கையகல உதிரிகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்தால் முழங்கை நீள வண்டி. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்லும். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் தன் ஆசைக்கு இந்த வண்டிகளைத் தேய்ப்பார். செய்து முடித்த பஸ்ஸும் லாரியும் கடையின் கண்ணாடிப் பெட்டியில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே நிற்கும்.

"இது யாருக்கு?" என்றாள், பையைக் கூடக் கீழே வைக்காமல்.

"ஒரு ஆர்டர்."

"யாருக்குன்னு கேட்டேன்."

"ஓட்டலுக்கு."

"ஊருல நூறு ஓட்டல் இருக்கு."

கண்ணாடிக்காரர் பெட்டியின் மூடியில் இல்லாத தூசியைத் தட்டினார். "ஐம்பதாவது வருஷமாம். ஓட்டலை ஆரம்பிச்ச பெரிய முதலாளி, இப்ப இருக்கிற முதலாளி அம்மாவோட அப்பா, அவர் ஓட்டின கார் மாதிரியே செஞ்சு வரவேற்பறையில வைக்கணுமாம். சனிக்கிழமை திறப்பு. மேனேஜர் கண்ணாடி மாத்த வந்தாரு, என் லாரியைப் பாத்துட்டு..."

"அந்த ஆளு உங்க கடைக்கு வந்தா, நீங்க கண்ணைச் செக் பண்ணி, கண்ணாடி மாட்டிவிட்டு, கார் வேற செஞ்சு குடுப்பீங்க. அப்படியே கால் அமுக்கி விட்டுட்டு வரவேண்டியதுதானே!"

"கத்தாத. நான் ஒரு கணக்கு போட்டேன். வேலையை நல்லா முடிச்சுக் குடுத்தா மனுசன் சந்தோசப்படுவாரு. அந்த நேரத்துல அந்தப் பதிவேட்டு விஷயத்தை மெதுவா எடுத்தா..."

"மெதுவாவா?" அவள் பையை மேசையில் வைத்த சத்தத்தில் பெட்டிக்குள் பம்பர்கள் குலுங்கின. "எட்டு வருஷமா நான் மெதுவா, வேகமா, எல்லா கியர்லயும் கேட்டாச்சு. இப்ப பொம்மை கார் குடுத்துக் கெஞ்சணுமா? என் மூக்குக்கு விலை ஒரு பொம்மையா?"

அன்றைக்குச் சாப்பாட்டில் தட்டும் கரண்டியும் மட்டும்தான் பேசிக்கொண்டன.

மறுநாள் அவள் வேலை முடிந்து வரும்போது குளியலறையில் விளக்கெரிந்தது. எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெறுங்கையோடு, சாப்பாட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்றில் துணி வெளுக்கும் ப்ளீச்சை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பளபளவென்று குரோம் பூச்சுப் பூசிய உதிரிகள்: முன் பம்பர், பின் பம்பர், விளக்கு வளையங்கள், முகப்புச் சட்டம், நாலு சக்கரக் கிண்ணங்கள். எல்லாம் இன்னும் வெட்டாமல் ஒரு பிளாஸ்டிக் கொடியில் காய்த்துத் தொங்கின.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"வெளிய வாங்க."

"இரு, இந்தக் குரோமை எடுத்தாகணும். பெரிய முதலாளி பம்பருக்கெல்லாம் ஓட்டல் கதவுக்கு அடிச்ச பச்சைப் பெயிண்ட்டையே அடிச்சிருக்காரு, போட்டோவுல இருக்கு. குரோம் மேல பெயிண்ட் நிக்காது, நகம் பட்டாலே தோலா உரிஞ்சு வந்துரும். பசையும் ஒட்டாது..."

"வெளிய வாங்கன்னு சொன்னேன்!"

வந்தார். அவள் ஜன்னலைத் திறந்தாள். கிண்ணத்தைப் பிடுங்கினாள். இந்த ஆர்டரின் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு மலையளவு. ஆனால் தன் வீட்டில், தன் கண் முன்னால், ஒருவன் மூடின அறையில் கையுறை இல்லாமல் ப்ளீச்சைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் அளவுக்கு அது வளரவில்லை.

"சோறு திங்கிற கிண்ணத்துல! அதுவும் இரும்புச் சாதியில! கண்ணுக்கு என்ன போட்டிருக்கீங்க? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, உங்க கண்ணுக்கு வழியில்ல!"

"கடையில இருக்கு, லென்ஸ் தேய்க்கிறப்ப போடறது."

"போய் எடுத்துட்டு வாங்க. வர்ற வரைக்கும் எதையும் தொடமாட்டீங்க."

அவர் திரும்பி வருவதற்குள் பால்கனி ஒரு பட்டறையாகியிருந்தது. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. பழைய பிளாஸ்டிக் டீ வடிகட்டி, சின்ன உதிரிகள் சாக்கடைக்குப் போகாமல் இருக்க. ஒரு வாளி நல்ல தண்ணீர். ரப்பர் கையுறை. டப்பாவின் மேல் ஒட்டிய காகிதத்தில் கொட்டை எழுத்தில்: ப்ளீச். மூடாதே. எதையும் சேர்க்காதே. அவள் கையெழுத்துப் போடாத குறை. வீட்டிலிருந்த கழிப்பறை ஆசிட்டையும் சோடா உப்புத் தூளையும் கண்ணாடி துடைக்கும் நீல பாட்டிலையும் சமையலறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஆசிட் பாட்டிலின் கோடு நேற்றுப் போட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. அதனால் கணவர் பிழைத்தார்.

டப்பாவில் முதலில் தண்ணீர், அப்புறம் அதே அளவு ப்ளீச். "சுடுதண்ணி விட்டா சீக்கிரம் வருமே" என்றார் அவர். "சீக்கிரம் வரும். பம்பரும் வளைஞ்சு வரும், ஆவியும் மூஞ்சிக்கு வரும்" என்றாள். உதிரிகளைக் கொடியோடு மெல்ல இறக்கினாள். மூடியை இறுக்காமல் மேலே சாய்த்து வைத்தாள்.

கால் மணி நேரத்தில் முன் பம்பரின் ஓரத்தில் வெள்ளி கரைந்து உள்ளே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. குமிழ் கிமிழ் ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்த மினுக்கு தானாக இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா!" என்றாள், தன்னை மறந்து. "நிஜக் குரோம் இப்படிப் போகாதே."

"இது குரோமே இல்ல. அலுமினியம், முடியை விட மெல்லிசா. மேலயும் கீழயும் ஒரு வார்னிஷ். குரோம்னு பேரு மட்டும்தான்."

"பேரு மட்டும் வச்சுக்கிட்டுப் பளபளன்னு நிக்கிற ஆளு ஒருத்தரை எனக்கும் தெரியும்."

கண்ணாடிக்காரர் சிரித்தார். பிறகு மூக்கைச் சுளித்து, "வாடை வருது" என்றார். "அப்ப நாலடி தள்ளி நில்லுங்க. எனக்கு வராது. அதனால எனக்குப் பதிலா நீங்கதான் மோந்து சொல்லணும்" என்றாள். எட்டு வருடமாக அந்த வீட்டில் அவர் உத்தியோகம் அதுதான்.

ஒரு மணி நேரத்தில் பம்பர்களும் முகப்புச் சட்டமும் வெளுத்துவிட்டன. சக்கரக் கிண்ணங்கள் மட்டும் மசியவில்லை. அவற்றின் மேல் வார்னிஷ் கெட்டியாக இருந்தது. அவள் அவற்றைப் புதுக் கலவையில் போட்டாள். வெளுத்தவற்றை வடிகட்டியில் எடுத்து வாளியில் மூன்று தடவை அலசிக் காயவைத்தாள். பம்பரின் மேல் மஞ்சளாக ஒரு பிசுபிசுப்பு மிச்சம் இருந்தது. அது அடி வார்னிஷ். அதை எடுக்கக் கண்ணாடிக்காரர் தின்னரைத் தொடப் போனார். அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்: "ஐயோ, பிளாஸ்டிக்கே வெண்ணெயா உருகிடும்." லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் ப்ளீச் ஒரு சொட்டுக் கூட மிச்சமில்லாமல் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகுதான். அதுவும் நாளைக்குத்தான். ப்ளீச்சும் ஸ்பிரிட்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது என்று அவள் சட்டம் போட்டாள்.

"இன்னும் ரெண்டு நாளாகும் போலிருக்கு" என்று கண்ணாடிக்காரர் டப்பாவைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். "மனுசனுக்குச் சொல்லிடணும்ல" என்றார். அவள் கையுறையைக் கழுவினாள்.

கையுறை காய்வதற்குள் பதில் வந்துவிட்டது. எழுத்தில் இல்லை, குரலில். கண்ணாடிக்காரர் ஈரக் கையோடு சுட்டுவிரலால் தட்டினார். மேனேஜரின் குரல் பால்கனி முழுக்க வழிந்தது.

"சார், வணக்கம். படம் பாத்தேன். இன்னும் ரெண்டு நாள்லாம் தாங்காது சார். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த ப்ளீச்சுலயே கொஞ்சம் டாய்லெட் ஆசிட்டை விடுங்க. ரெண்டும் சேந்தா பவர் டபுள். அஞ்சு நிமிஷத்துல உரிஞ்சு வந்துரும். பயப்படாதீங்க, அளவாத்தான் விடணும். அன்னிக்கு உங்க வீட்டம்மாகிட்ட நான் ஒரு மூடி விடச் சொன்னேன், அவங்க தாராளமா ஊத்திட்டாங்க, அதான் அப்படி ஆச்சு. ஒரு மூடி, அவ்வளவுதான். ஓகேவா சார்?"

கோட்டக்காவின் கையிலிருந்து கையுறை விழுந்தது.

"ஒரு மூடியா? ஒரு மூடியா சொன்னான்? அரை பாட்டில்னு வாசப்படியில நின்னு சொன்னான்! அந்தக் கதவு நம்பர் எனக்கு ஞாபகம் இருக்கு, அன்னிக்கு அவன் போட்டிருந்த சட்டைக் கலர் ஞாபகம் இருக்கு! நான் தாராளமா ஊத்தினேனாம்! நான் என்ன தர்மம் பண்ணினேனா தாராளமா ஊத்த? ஒரு மூடியாம் ஒரு மூடி! அந்த ஒரு மூடியை அவன் வாயில..."

கீழ்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, நிலைமையைப் பார்த்து, மூடிக்கொண்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம். பால்கனிக் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பம்பர் மாதிரி.

கண்ணாடிக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். அப்புறம் மெதுவாக, அவருடைய வழக்கமான மெதுவில், "இரு" என்றார்.

"என்ன இரு? இன்னும் அவனுக்கு வக்காலத்தா?"

"இல்ல, கேளு. ஒரு மூடியோ அரை பாட்டிலோ, விடு. 'நான் சொன்னேன்'னு சொல்றாரு பாத்தியா? அவர் சொன்னாருன்னு அவரே சொல்றாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை 'நான் ஒரு மூடி விடச் சொன்னேன்' என்று வந்த இடத்தில் அவள் விரலால் நிறுத்தினாள்.

"இதை எனக்கு அனுப்புங்க."

"அனுப்பறேன். ஆனா ஒண்ணு, காரை முடிச்சுக் குடுத்துருவேன். ஒத்துக்கிட்ட வேலை."

"குடுங்க. உங்க வேலையில நான் ஏன் குறுக்க வர்றேன்? கார் வேற, இது வேற. பேரம் பேசி வாங்கிக்க எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

வியாழக்கிழமை காலை பயிற்சி வகுப்பு. சனிக்கிழமை விழாவுக்காக ஆறு பேரைப் புதிதாக எடுத்திருந்தார்கள். மூன்றாம் மாடித் துணி அறையில், அலமாரிக்கும் பெரிய உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவில் ஆறு பேரும் புதுச் சீருடையின் மடிப்புக் கலையாமல் நின்றார்கள். இயந்திரம் உள்ளே படுக்கை விரிப்புகளை உருட்டிக்கொண்டு இரைந்தது. அதன் பக்கத்தில் சலவை அண்ணன். கோட்டக்கா வழக்கமான இடத்தில், பல்லைக் கடிக்காமல் நின்றாள். அது ஒன்றுதான் அன்றைக்கு வித்தியாசம்.

மேனேஜர் பதிவேட்டைப் பிரித்தார். பக்கம் தானாகத் திறந்தது, அத்தனை தடவை பிரித்த பக்கம்.

"கவனக்குறைவுன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணுமா? யாரும் சொல்லாம, தானா ரெண்டு திரவத்தைக் கலந்த கதை இது. இதோ நம்ம அக்காவே..."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கோட்டக்கா. "யாரும் சொல்லாமயா?"

"என்னம்மா இப்ப?"

அவள் போனை எடுத்துத் தட்டினாள். குரல் வந்தது, ஆனால் உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலில் முங்கிப் போயிற்று. 'சார், வணக்கம்' மட்டும்தான் காதில் விழுந்தது. மேனேஜருக்குத் தன் குரல் அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. தெரிந்ததும் கையை நீட்டினார். "அதைக் குடு இங்க."

அந்த நேரத்தில் இரைச்சல் நின்றது.

சலவை அண்ணன் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தார். உள்ளே விரிப்புகள் தொப்பென்று விழுந்தன. அண்ணன் யாரையும் பார்க்கவில்லை, பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க மேனேஜரின் குரல் மட்டும் கேட்டது. '...ரெண்டும் சேந்தா பவர் டபுள்... அன்னிக்கு உங்க வீட்டம்மாகிட்ட நான் ஒரு மூடி விடச் சொன்னேன்...'

புதிதாக வந்த ஆறு பேரும் இந்தத் தடவை அவள் மூக்கைப் பார்க்கவில்லை.

"அது... அது அந்தப் பொம்மைக்குச் சொன்னது" என்றார் மேனேஜர். "பிளாஸ்டிக்குக்கு."

"பிளாஸ்டிக்குக்குப் போட்டா வர்ற புகை வேற, தொட்டியில போட்டா வர்ற புகை வேறயா சார்? என் வீட்டுக்காரர் உங்க பேச்சைக் கேட்டு ஊத்தியிருந்தா, அவருக்கும் ஒரு பக்கம் போட்டிருப்பீங்களா இதுல? கவனக்குறைவுன்னு?"

"மெதுவா பேசும்மா. இதை ஆபீசுக்குள்ள பேசிக்கலாம். வெளிய விடாத."

"காலைல ஏழரைக்கே ஊழியர் குரூப்புல போட்டுட்டேன் சார். நீங்க இன்னும் பாக்கலையா? முதலாளி அம்மா பாத்துட்டாங்க. பாத்தவங்க லிஸ்ட்ல அவங்க பேரு விழுந்திருக்கு."

அப்போதுதான் மேனேஜர் தன் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. அவர் மறுமுனைக்கு 'ஆமாம்மா', 'இல்லைம்மா', 'சரிம்மா' என்று மூன்று வார்த்தை மட்டும் சொன்னார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்து வேர்த்திருந்தது. போனை வைத்துவிட்டு, "எழுதணுமாம்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"எழுதுங்க" என்றாள் கோட்டக்கா. தன் கறுப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை மை பாட்டிலை எடுத்தார், பழைய வரியை அழிக்க.

"அதை உள்ள வைங்க. அழிக்கக்கூடாது. நீங்க எழுதினது அப்படியே கிடக்கட்டும். கீழ புதுசா எழுதுங்க, இன்னிக்குத் தேதி போட்டு."

அவர் எழுதினார். அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குழப்பத்தால்... குழப்பம் யாருக்கு சார்? எனக்கு ஒரு குழப்பமும் இல்லையே. அரை பாட்டில்னு தெளிவாத்தான் கேட்டுச்சு. அடிங்க அதை."

இரண்டாவது தடவை, "ஊழியருக்குத் தவறாகப் புரிந்ததால்" என்று ஆரம்பித்தார். அவள் மூச்சை மட்டும் இழுத்தாள். அந்த மூச்சுச் சத்தத்திலேயே அவர் அடித்துவிட்டார்.

மூன்றாவது தடவை அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: இரு திரவங்களையும் கலக்கச் சொன்னது மேனேஜராகிய நான். ஊழியர் லேபிளைக் காட்டி மறுத்தார். நான் கேட்கவில்லை. ஊழியரின் கவனக்குறைவு எதுவும் இல்லை. கீழே கையெழுத்து. அவர் பேனாவை மூடப் போனபோது, "சாட்சின்னு ஒரு இடம் விடுங்க" என்று ஒரு குரல். சலவை அண்ணன்.

"நானும் அன்னிக்கு அங்கதான் நின்னேன். கேட்டேன். அரை பாட்டில்னுதான் சொன்னாரு."

கோட்டக்கா அவர் பக்கம் திரும்பினாள். மேனேஜர் மேல் அன்றைக்குக் காட்டாத கோபமெல்லாம் அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பவா அண்ணே? எட்டு வருஷம் கழிச்சு இப்பவா காது கேக்குது? வருஷத்துக்கு நாலு தடவை இந்த மெஷினுக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? இந்தப் பொத்தான் என்ன நேத்தா வச்சாங்க?"

அண்ணன் பேனாவைக் கையில் எடுத்தார். "போடட்டுமா வேண்டாமா தங்கச்சி" என்று மட்டும் கேட்டார்.

"போடுங்க. போட்டாலும் உங்களோட நான் பேசமாட்டேன்."

போட்டார். அவள் பேசவும் இல்லை, ஒரு மாதம் போல.

சனிக்கிழமை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கார் நின்றது. வெளிர் நிற உடம்பு, பச்சை பம்பர், பச்சை விளக்கு வளையம், பச்சைச் சக்கரக் கிண்ணம். அந்தக் கிண்ணங்கள் வெள்ளிக்கிழமை மதியம்தான் மசிந்தன, மூன்றாவது கலவையில். வண்ணம் ஒரு இடத்திலும் உரியவில்லை. முதலாளி அம்மா பம்பரைப் பார்த்ததும், "அப்பா கதவுக்கு அடிச்ச மிச்சப் பெயிண்ட், அதே நிறம்" என்று பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் ஒரு ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் நெளிந்தார். மேனேஜர் அன்றைக்கும் மேனேஜர்தான், விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். பயிற்சி வகுப்பு மட்டும் அவர் கையை விட்டுப் போயிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதைக் கோட்டக்கா எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

முதல் வகுப்பில் அவள் பதிவேட்டைப் பிரித்து இரண்டு வரியையும் படித்துக் காட்டினாள், பழையது முதலில். எந்தக் குரலும் மாற்றாமல் படித்தாள். பிறகு ஆளுக்கொரு கறுப்புப் பேனா கொடுத்தாள். பாட்டிலைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து எப்படிக் கோடு போடுவது என்று காட்டினாள்.

வகுப்பு முடிந்து கலைகிறபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, அதான் எல்லாம் எழுதி வாங்கியாச்சே. இன்னுமா மேனேஜர் மேல கோவம்?"

"கோவம் என்ன மூக்காடி, ஒரே நாள்ல போறதுக்கு?" என்றாள் கோட்டக்கா. பெண் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள். அதற்குள் கோட்டக்காவின் பார்வை அலமாரிக்குப் போயிருந்தது. இரண்டாவது தட்டில் ஒரு பாட்டில். திரவம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. புதுக் கோடு இல்லை.

"இதை யாரு எடுத்தது?"

மாடி அன்றைக்கும் இரண்டுபட்டது.